நூற்பட்டியலில் நம் பெயர் என்ன?

"அப்படி ஒரு புத்தகம் இங்க இல்லையே தம்பி. கம்ப்யூட்டர்ல காட்டலையே."

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு நூலகம். எது என்று சொல்லப்போவதில்லை. அங்கே வேலை பார்ப்பவர்கள் மீது எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை. எங்களோடு வந்த முதுகலை மாணவர் தேடியது அறிவொளி இயக்கக் காலத்துச் சிறு வெளியீடு ஒன்றை. கல் உடைக்கும் பெண்கள் எழுத்துக்கூட்டிப் படிப்பதற்காக அச்சடித்தது, முப்பது பக்கம்கூட இருக்காது. எங்கள் குழுவில் மூத்தவரான அக்கா ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன் அதை அதே நூலகத்தில் பார்த்திருக்கிறார். அதனால் விடவில்லை. "பழைய ரிஜிஸ்டர் இருக்கா சார்?" என்று கேட்டோம்.

இருந்தது. கட்டம் போட்ட கனத்த பதிவேடு, ஓரமெல்லாம் செல்லரித்தது. அரை மணி நேரம் புரட்டியதில் அந்த வரி கிடைத்தது: வரிசை எண், தலைப்பு, பக்கம், "நன்கொடை" என்ற ஒரு சொல். புத்தகமும் பிறகு கிடைத்தது. பரண்மேல் பிளாஸ்டிக் கயிற்றால் கட்டிய கட்டுக்குள் நூற்றுக்கணக்கான சிறு வெளியீடுகளோடு அதுவும் கிடந்தது.

ஏன் கணினியில் ஏறவில்லை என்று கேட்டபோது நூலகர் மறைக்காமல் சொன்னார். பதிவேட்டிலிருந்து கணினிக்கு மாற்றியபோது தற்காலிக ஆட்களை வைத்துத் தட்டச்சு செய்தார்கள். ஆசிரியர் பெயர் இல்லாதது, ஐ.எஸ்.பி.என். எண் இல்லாதது, முதுகில் பெயர் எழுத முடியாத அளவுக்கு மெலிந்தது எல்லாவற்றையும் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று ஒதுக்கினார்கள். அந்த அப்புறம் வரவே இல்லை.

இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. சாதி பார்த்து எவரும் ஒதுக்கவில்லை. ஆனால் ஒதுக்கியதில் எது அதிகம் என்று பாருங்கள். ஆசிரியர் பெயர் போடாமல், பதிப்பகம் இல்லாமல், தெருமுனையில் விற்பதற்காக மெலிந்த தாளில் அச்சிட்டவர்கள் யார்? மாநாட்டுத் துண்டறிக்கை, நினைவேந்தல் மலர், கோரிக்கை மனு, இரவுப் பள்ளிப் பாடப் புத்தகம். நம் எழுத்தின் பெரும்பகுதி இந்த உருவத்தில்தான் இருக்கிறது. 49 பக்கமாவது இருந்தால்தான் அது புத்தகம், அதற்குக் குறைந்தால் சிறு வெளியீடு என்று 1964இல் யுனெஸ்கோ ஒரு வரையறை சொன்னது. புள்ளிவிவரத்துக்காகச் சொன்ன எல்லை அது. அதையே சேர்ப்பதற்கும் விடுவதற்குமான எல்லையாக எடுத்துக்கொண்டால் யார் வெளியே நிற்பார்கள் என்பது தெரிந்ததுதான்.

நூலகம் புதிய பட்டியல் முறைக்கு மாறுவது வெறும் அலுவலக வேலை என்று நாங்களும் நினைத்துக்கொண்டிருந்தோம். பரண்மேல் இருந்த கட்டைப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. நூற்பட்டியலுக்கு ஒரு வரலாறு உண்டு. அதில் நமக்கு நிறைய வேலையும் இருக்கிறது.

தமிழில் "பட்டியல்" என்ற சொல் நம்மை விடாது துரத்துகிறது. 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1936இல் வந்த ஆணை நம் சாதிகளை ஒரு பட்டியலில் எழுதியது. அன்றிலிருந்து பட்டியல் சாதியினர் என்றானோம். அந்தப் பட்டியலில் பெயர் இருப்பதால்தான் இடஒதுக்கீடு. சான்றிதழில் ஓர் எழுத்து மாறினால் என்ன பாடுபட வேண்டியிருக்கும் என்பது உங்கள் வீட்டிலேயே தெரிந்திருக்கும். புத்தகப் பட்டியலும் அதே மாதிரிதான். அதில் இல்லாத புத்தகம் அலமாரியில் இருந்தும் இல்லாததுதான்.

இதற்கு நம் வரலாற்றிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு அச்சகங்களைக் கண்காணிக்க நினைத்த ஆங்கில அரசு 1867இல் அச்சு மற்றும் புத்தகப் பதிவுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அச்சாகும் ஒவ்வொரு நூலையும் அரசிடம் கொடுக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசு அவற்றைப் பட்டியலிட்டு வெளியிடும். தலைப்பு, மொழி, ஆசிரியர், அச்சகம், பக்கம், எத்தனை படி, என்ன விலை என எல்லாம் அதில் இருக்கும். இதழ்களை வேவு பார்க்கத் தனியாக வாராந்திர அறிக்கைகளும் இருந்தன. இன்று ஜெ. பாலசுப்பிரமணியத்தின் "சூரியோதயம் முதல் உதயசூரியன் வரை" என்ற நூல் 1869 முதல் 1943 வரையிலான தலித் இதழ்களைப் பேசுகிறது. அந்த இதழ்களில் பலவற்றுக்கு ஒரு படிகூட நம் கையில் இல்லை. பெயர், ஊர், ஆண்டு என எங்கோ ஓர் அரசு ஆவணத்தில் எழுதிய ஒரு வரியே அவை இருந்ததற்கு ஆதாரம். நம்மைக் கண்காணித்தவன் எழுதிய வரி அது என்பது கசப்பானது. அந்த வரியும் இல்லையென்றால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நமக்கு எழுத்தே இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள்.

அயோத்திதாசரை எடுத்துக்கொள்வோம். 1907 ஜூனில் "ஒரு பைசாத் தமிழன்" என்ற பெயரில் அவர் வார இதழ் தொடங்கினார். அடுத்த ஆண்டே அது "தமிழன்" ஆனது. 1914இல் அவர் மறைந்தார். பின்னாளில் கோலார் தங்கவயலிலிருந்து அதே பெயரில் இதழ் மீண்டும் வந்தது. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய படிகளைப் பொத்திப் பாதுகாத்ததால்தான் 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த "அயோத்திதாசர் சிந்தனைகள்" பாளையங்கோட்டையிலிருந்து வெளிவர முடிந்தது. இடையில் நெடுங்காலம் தமிழ் அறிவுலகம் பெரும்பாலும் அவரை மறந்தே இருந்தது.

இப்போது அவரை ஒரு கணினிப் பட்டியலில் தேடிப் பாருங்கள். அயோத்திதாசர், அயோத்திதாச பண்டிதர், க. அயோத்திதாஸ் என்று தமிழிலேயே பல வடிவம். ஆங்கில எழுத்தில் போனால் கணக்கில்லை: ஐயோத்தி தாஸ், அயோதி தாஸ், தாஸ் இருக்கும் இடத்தில் டாஸ். பழைய அட்டைப் பெட்டியில் நல்ல நூலகர் ஒருவர் "இந்தப் பெயருக்கு அங்கே பார்க்க" என்று ஓர் அட்டையைச் செருகி வைத்திருப்பார். கணினிக்கு மாற்றும்போது புத்தகத்துக்குரிய அட்டைகளை மட்டும் ஏற்றுவார்கள். புத்தகம் இல்லாத அந்த வழிகாட்டி அட்டை குப்பைக்குப் போகும். விளைவு, ஒரே மனிதர் ஆறு பேராகச் சிதறுகிறார். ஆறில் ஒன்றைத் தட்டச்சு செய்த மாணவிக்கு ஆறில் ஒரு பங்கு அயோத்திதாசர் கிடைக்கிறார்.

இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது, புதிதும் அல்ல. ஒருவருக்கு ஒரு பெயரை நிலைப்படுத்தி, மற்ற வடிவங்களையெல்லாம் அதோடு கட்டிவைக்கும் பெயர்க் கோப்பு நூலகவியலில் பழைய வேலை. நியூசிலாந்தில் உருவாகி 2000இல் பயன்பாட்டுக்கு வந்த கோஹா போன்ற இலவச மென்பொருளில்கூட அதற்கு இடம் இருக்கிறது. இடம் இருந்து என்ன? மாற்றும்போது "பெயர்க் கோப்பும் செய்ய வேண்டும்" என்று யாராவது முடிவெடுக்க வேண்டும். அதேபோல "ஒரு பைசாத் தமிழன்" என்பதும் "தமிழன்" என்பதும் ஒரே இதழின் இரு பெயர்கள் என்று முன்னும் பின்னும் இணைத்து எழுத வேண்டும். இல்லையென்றால் தமிழன் என்ற பெயருள்ள வேறு இதழ்களோடு அது கலந்துவிடும்.

எழுத்துருச் சிக்கல் தனிக் கதை. தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது 2010இல்தான். அதற்கு முன் ஆளுக்கொரு எழுத்துருவில் தட்டிய பதிவுகளைப் புதிய முறைக்குக் கொண்டுவரும்போது சரியாக மாற்றாவிட்டால் தலைப்பு முழுக்க கேள்விக்குறியும் புள்ளியுமாக நிற்கும். அப்படிப்பட்ட பதிவுகளைப் பார்த்திருக்கிறோம். எந்த மொழி என்றே தெரியாது.

இனி பெயரிலிருந்து பொருளுக்கு வருவோம். ஒரு புத்தகம் எதைப் பற்றியது என்று சொல்ல நூலகங்கள் பொருள் தலைப்பு என்று ஒன்றைத் தரும். உலகின் பல நூலகங்கள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தலைப்புகளைக் கடன் வாங்குகின்றன. அங்கே நமக்கு நெடுங்காலம் இருந்த தலைப்பு "அன்டச்சபிள்ஸ்", அதாவது தீண்டத்தகாதோர். பிறகு அதை "தலித்ஸ்" என்று மாற்றினார்கள். அங்கே மாறியது. அவர்களிடமிருந்து முன்பே பதிவை நகலெடுத்துக்கொண்ட நூலகங்களில் தானாக மாறிவிடுமா? மாறாது. யாராவது உட்கார்ந்து மாற்ற வேண்டும். புதிய மென்பொருளுக்குப் போகும்போது பழைய பதிவை அப்படியே கொட்டினால் இன்றும் நம் எழுத்தாளர்கள் தீண்டத்தகாதோர் என்ற தலைப்பின் கீழேயே நிற்பார்கள். "ஹரிஜன்" என்ற சொல்லைப் பயன்படுத்த வேண்டாம் என்று 1982இல் மத்திய அரசே மாநிலங்களுக்குச் சொன்னது. அந்தச் சொல்லைப் பொருள் தலைப்பாக வைத்த பட்டியல்களை அந்த உத்தரவு தொடவில்லை.

அப்படியானால் எல்லாப் பழைய சொற்களையும் அழித்துவிடலாமா என்று கேட்பீர்கள். கூடாது. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தொடங்கிய இதழுக்கு "பறையன்" என்று பெயர் வைத்தார். எந்தச் சொல்லால் இழிவுபடுத்துகிறார்களோ அதே சொல்லைத் தலைநிமிர்ந்து சொல்ல வேண்டும் என்பது அவர் நிலை. அயோத்திதாசருக்கு அந்தச் சொல்லே பிடிக்காது. நாம் பூர்வத் தமிழர், சாதிபேதமற்ற திராவிடர் என்பது அவர் நிலை. 1922இல் எம்.சி. ராஜாவின் முயற்சியால் அரசு ஆவணங்களில் ஆதிதிராவிடர் என்ற பெயர் வந்தது. நமக்குள் நடந்த இந்தச் சண்டை முழுக்கப் பெயரைப் பற்றியது. நல்லெண்ணத்தோடு ஒருவர் மென்பொருளில் "தேடு, மாற்று" என்று ஒரு பொத்தானை அழுத்தினால் சீனிவாசனின் இதழே பெயரிழந்துபோகும். தலைப்பு அச்சில் இருந்தபடி இருக்க வேண்டும். மாற்ற வேண்டியது நூலகம் தன் வாயால் சொல்லும் பொருள் தலைப்பை மட்டும். பழைய தலைப்பையும் அழிக்காமல், அதைத் தேடுபவர் புதிய தலைப்புக்கு வந்து சேரும்படி கட்டிவைக்க வேண்டும். பழைய பட்டியலும் ஓர் ஆவணம். நம்மை என்னவென்று அழைத்தார்கள் என்பதற்குச் சான்று.

இங்கே எங்கள் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மாலைநேரப் படிப்பகம் ஒன்றைச் சில ஆண்டுகளாக நடத்துகிறோம். எண்ணூறு, தொள்ளாயிரம் புத்தகம் இருக்கும். நோட்டில் எழுதிய பட்டியலைக் கணினியில் ஏற்றியபோது மிகப் பெருமையாக ஒரு காரியம் செய்தோம். அம்பேத்கர், அயோத்திதாசர், பாமா, ராஜ் கௌதமன் எல்லோரையும் எடுத்து "தலித் நூல்கள்" என்று தனி ரேக் போட்டோம். நீல வண்ணமும் அடித்தோம். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் பெண் ஒருத்தி வந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "என்னண்ணே, லைப்ரரியிலயும் நமக்குத் தனித் தெருவா?"

எங்களுக்கு வாயடைத்துப்போனது.

உலகில் பரவலாகப் பயன்படும் டூயி தசமப் பகுப்பும் ஏறக்குறைய அதைத்தான் செய்கிறது. அதில் தலித்துகளுக்கான எண் 305.5688. அதன் தாய் எண் 305.568, அந்நியப்பட்ட, ஒதுக்கப்பட்ட வகுப்புகள். சமூகவியல் படித்த எங்களுக்கு அந்த எண்ணில் பெரிய குறை தெரியவில்லை. ஒதுக்கப்பட்டது உண்மைதானே. சிக்கல் எதையெல்லாம் அங்கே கொண்டுபோய் வைக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. அம்பேத்கர் 1923இல் வெளியிட்ட ரூபாயின் பிரச்சினை பற்றிய நூல் பணவியல் நூல். அது 332இல் இருந்தால் பொருளாதாரம் படிக்கும் மாணவன் தற்செயலாகக்கூட அதைக் கையிலெடுப்பான். புத்தரும் அவர் தம்மமும் 294.3, பௌத்தம். அயோத்திதாசரின் இந்திரர் தேச சரித்திரம் வரலாறு. தன்னைப் பௌத்தர் என்று அறிவித்து 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கியவரைப் பௌத்த அலமாரியில் வைக்காமல் ஒதுக்கப்பட்ட வகுப்புகள் அலமாரியில் வைத்தால், அவர் வாழ்நாள் முழுக்கச் சொன்னதை ஓர் எண்ணால் மறுக்கிறோம்.

இதே போராட்டத்தை அமெரிக்கக் கறுப்பினப் பெண் நூலகர் ஒருவர் நமக்கு முன்பே நடத்தியிருக்கிறார். டோரதி போர்ட்டர். வாஷிங்டன் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் கறுப்பின மக்களின் நூல் தொகுப்பை 1930 முதல் கட்டியெழுப்பியவர். அந்நாளில் டூயி முறையைப் பின்பற்றிய நூலகங்கள் கறுப்பினத்தவர் எழுதிய எதையும் இரண்டு எண்களில் போட்டன. 325 குடியேற்றம், 326 அடிமைமுறை. கவிதை எழுதினாலும் அங்கேதான். போர்ட்டர் அதை ஏற்கவில்லை. கவிதையைக் கவிதையிலும் வரலாற்றை வரலாற்றிலும் வைத்தார். மேலிடம் மாற்றட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆனாலும் எங்கள் சிக்கல் முழுதாகத் தீரவில்லை. 1992இல் வந்த பாமாவின் "கருக்கு" எங்கே இருக்க வேண்டும்? இலக்கியத்தில் வைத்தால் தலித் பெண்கள் பற்றித் தேடுபவருக்குக் கிடைக்காமல் போகலாம். 305இல் வைத்தால் அது இலக்கியம் இல்லை, வெறும் வாக்குமூலம் என்று சொல்பவர்களுக்கு நாமே வலுச்சேர்ப்போம். எங்களுக்குள் ஒருநாள் மாலை முழுக்க இதே பேச்சு. நூலகவியல் படித்த நண்பர் ஒருவர் வந்துதான் முடிச்சை அவிழ்த்தார். அலமாரியில் ஒரு புத்தகத்துக்கு ஓர் இடம்தான். பட்டியலில் அப்படி இல்லை. மார்க் என்ற பதிவு வடிவத்தில் பொருள் தலைப்புக்கு 650 என்று ஒரு புலம் உண்டு. அதை எத்தனை முறை வேண்டுமானாலும் போடலாம். "கருக்கு" இலக்கிய அலமாரியில் நிற்கட்டும். பதிவில் தன்வரலாறு, தலித் பெண்கள், கிறிஸ்தவமும் சாதியும் என்று மூன்று வாசல் வைத்துவிடலாம். தனி ரேக்கை அன்றே கலைத்தோம்.

காங்கிரஸ் நூலகத்தைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்ல வேண்டும். 2014இல் டார்ட்மவுத் கல்லூரி மாணவர்கள் ஒரு தலைப்பைக் கண்டு கொதித்தார்கள்: ஆவணமில்லாமல் குடியேறியவர்களைச் "சட்டவிரோத அந்நியர்" என்று அழைக்கும் தலைப்பு. நூலகர்களோடு சேர்ந்து மாற்றக் கோரினார்கள். 2016இல் காங்கிரஸ் நூலகம் சம்மதித்தது. உடனே அந்நாட்டு நாடாளுமன்றத்தில் குடியரசுக் கட்சியினர் குறுக்கே நின்றார்கள். 2021இல்தான் மாறியது, அதுவும் அரைகுறையாக. ஒரு நூலகத் தலைப்புக்காக நாடாளுமன்றம் வரை போனார்கள் என்றால், அது வெறும் அலுவலக வேலை இல்லை என்பது எதிர்த்தரப்புக்கும் தெரிந்திருக்கிறது.

நம் மாவட்டத்துக்குத் திரும்புவோம். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மனிதக் கழிவு கலந்திருந்தது தெரியவந்தது. அதைப் பற்றி உண்மையறியும் குழு அறிக்கைகளும் கட்டுரைகளும் துண்டறிக்கைகளும் வந்தன. இன்னும் ஐம்பது ஆண்டு கழித்து ஒரு மாணவி இவற்றைத் தேடும்போது எந்தத் தலைப்பில் கிடைக்க வேண்டும்? குடிநீர் வழங்கல்? நீர் மாசு? தீண்டாமை? முதல் இரண்டு தலைப்புகளும் பொய் இல்லை. ஆனால் அவற்றோடு நிறுத்தினால் நடந்தது ஏதோ குழாய்ப் பழுது மாதிரி ஆகிவிடும். இந்தச் சொல்லைப் போடுகிறவர் இப்போதே எங்கோ ஒரு கணினி முன் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு யார் வழிகாட்டுவது?

சிறு வெளியீடுகளைப் பட்டியலிட முடியாது என்பது வெறும் சாக்கு. நம் மாவட்ட எல்லைக்குப் பக்கத்தில் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா, புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்தார். அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்க, 1994இல் சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் வந்தது. அங்கே உலகத் தரத்தில் அவற்றைப் பட்டியலிட்டார்கள். புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் பா. கிருஷ்ணமூர்த்தியும் டோரதியும் உருவாக்கிய ஞானாலயா, தனிமனிதர் இருவரால் என்ன முடியும் என்பதற்கு நம் கண்முன் இருக்கிற சாட்சி.

பொது நூலகம் நம் பணத்தில் நடக்கிறது. 1948ஆம் ஆண்டு சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் வழியே சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. இன்று அது ரூபாய்க்கு 10 காசு. காலனி வீட்டின் வரி ரசீதிலும் அந்த வரி உண்டு. ஆகவே தயங்காமல் உங்கள் ஊர் நூலகத்துக்குப் போங்கள். கணினிக்கு மாறிவிட்டதா, மாறப்போகிறதா என்று கேளுங்கள். எதை ஏற்ற வேண்டும், எதை விட வேண்டும் என்று எழுத்தில் ஏதாவது அறிவுறுத்தல் இருக்கிறதா என்று பாருங்கள். தரவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. மிக முக்கியமாக, பழைய பதிவேட்டையும் அட்டைகளையும் எடைக்குப் போட விடாதீர்கள். ஒவ்வொரு பக்கமாகப் போனில் படமெடுத்து வைத்தால்கூடப் போதும். நூலகரைப் பகைத்துக்கொண்டு இந்த வேலை நடக்காது. ஒற்றை ஆளாகப் பெருக்குவது முதல் பதிவது வரை பார்ப்பவர்கள் அவர்கள். அந்தப் பரண்மேல் கட்டை இறக்கித் தந்தவரும் ஒரு நூலகர்தான்.

அந்தக் கட்டை இப்போது அவர் அனுமதியோடு நூலகத்திலேயே உட்கார்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பதிவு செய்கிறோம். நாங்கள் தேடிப் போன அந்தச் சிறு வெளியீட்டில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது. 1991இல் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது தொடங்கிய அறிவொளி இயக்கத்தை, சைக்கிள் ஓட்டக் கற்ற பெண்களின் இயக்கமாக உலகம் நினைவு வைத்திருக்கிறது. அந்தப் பெண்களில் கல்குவாரிப் பெண்கள் முக்கியமானவர்கள். அவர்களில் நம் பெண்கள் எத்தனை பேர் என்று நம் ஊர்களில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் இந்த முப்பது பக்கத்தில் சாதி என்ற சொல் ஓர் இடத்தில்கூட வரவில்லை. கல்குவாரித் தொழிலாளர், பெண் கல்வி என்று இரண்டு தலைப்பு போட்டாயிற்று. "தலித் பெண்கள்" என்று மூன்றாவதைப் போடலாமா? புத்தகம் சொல்லாததைப் பட்டியல் சொல்லக் கூடாது என்கிறார் நூலகவியல் நண்பர். புத்தகம் ஏன் சொல்லவில்லை என்பதுதான் கேள்வியே என்கிறார் முதுகலை மாணவர்.

தனித் தெருவா என்று கேட்ட பெண்ணின் அப்பாயி அந்தக் குவாரியில் கல் உடைத்தவர், அறிவொளியில் கையெழுத்துப் போடக் கற்றவர். "அவங்ககிட்டயே கேட்டுட்டா என்ன?" என்றாள். மூன்றாவது கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போகிறோம்.